ஆணி பழசு, வார்தான் வில்லங்கம்

என்னுடைய சப்பாத்து 13ஆம் நம்பர். ஊரில் இருந்தவரைக்கும் அது ஒரு சங்கதியே இல்லை. செருப்புக்கு வெளியே குதி அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றால் யார் வந்து அளக்கப்போகிறார்கள்? 1988 கார்த்திகையில் ரொறன்ரோவில் வந்து இறங்கிய மூன்றாம் நாள் மச்சான் என்னைச் சப்பாத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அத்தான், ஒரு நம்பர் கூட்டி எடுங்கோ. ரெண்டு சோடி காலுறை போட்டால்தான் இந்தக் குளிருக்குத் தாங்கும்" என்றார். எடுத்தேன். உள்ளே விரலளவு தடிப்பில் கம்பளி உறை, வெளியே றப்பர், மேலே தோல், முழங்காலுக்குச் சற்றுக் கீழேவரை லேஸ். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது இரண்டு வள்ளங்களைக் கரையில் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அதே சாதிச் சப்பாத்துத்தான். அதன் அடிப்பாகத்தை ஒருநாள் அளந்து பார்த்தேன். என் வெறுங்கால் 30 சென்றிமீற்றர். சப்பாத்தின் அடி 35. மூக்குப் பக்கத்து அகலம் 14. அதாவது பெட்டியில் 14 என்று போட்டிருந்தாலும் வெளியே அது வேறு ஒரு மிருகம். இந்த ஐந்து சென்றிமீற்றர் வித்தியாசம்தான் என் வலது மணிக்கட்டை முறித்தது.

2013 மார்கழி 21 இரவு தொடங்கிய உறைமழையை ரொறன்ரோக்காரர் ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள். மழையாக விழுந்து, தொட்ட இடத்திலேயே கண்ணாடியாக இறுகியது. மரக்கொப்புகள் பாரம் தாங்காமல் முறிந்து கம்பிகளில் விழுந்தன. நகரத்தில் மட்டும் மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்துபோயின. நத்தார் வந்தும் பல தெருக்கள் இருட்டில் கிடந்தன. நான் அப்போது ஸ்காபரோவில் ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை. உப்புப் போடுவது என் பொறுப்பு. உப்பு வாளியோடு போகிறவன் விழக்கூடாது என்று அலுவலகத்தில் ஒரு சோடி கிளீற் தந்திருந்தார்கள். றப்பர் வலை, அதன் அடியில் உருக்கு முட்கள். சப்பாத்துக்கு மேலால் இழுத்து மாட்டவேண்டும். அட்டையில் 'பெரிது' என்று போட்டிருந்தது. இழுத்து இழுத்து ஒருமாதிரி மாட்டினேன். குப்பை அறைச் சரிவில் இறங்கும்போது இடதுகால் மூக்கிலிருந்து றப்பர் 'டப்' என்று கழன்றது. இரண்டு காலிலும் பிடி இல்லாவிட்டால் ஆள் வாத்துமாதிரி அவதானமாக நடப்பான். ஒரு காலில் பிடி இருந்து மற்றதில் இல்லாவிட்டால் நம்பி நடப்பான். நான் நம்பி நடந்தேன். எழும்பிப் பார்த்தபோது கிளீற் குதியில் கொளுவியபடி தொங்கிக்கொண்டு நின்றது.

ஆறு கிழமை கை மாவுக்கட்டில். நூலகத்திலிருந்து மகள் புத்தகங்கள் எடுத்துவந்து தந்தாள். முதலில் மலையேற்றப் புத்தகம் ஒன்று, அதைத் தொட்டு இன்னொன்று. அந்த ஆறு கிழமையில் தொடங்கியது இன்னும் முடியவில்லை. மனைவிக்கு இது ஒரு விசர். "இஞ்சருங்கோ, ஆணிச் சப்பாத்துக்கும் ஒரு வரலாறோ?" என்று கேட்பாள். இருக்கிறது. ஆனால் அது ஆணியின் வரலாறு அல்ல என்பதுதான் என் கட்சி. பனிக்கட்டியில் கூரான இரும்பு பிடிக்கும் என்பதை மனிதன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டான். அதில் இனிச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த இரும்பைக் காலோடு எப்படிக் கட்டிவைப்பது? இரண்டாயிரம் வருடமாக இழுபடுவது அந்த வழக்குத்தான். சப்பாத்துப் பெருக்கப் பெருக்க வழக்கும் பெருத்தது.

இயேசு பிறந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த கிரேக்கர் ஸ்ட்ராபோ. அவருடைய 'புவியியல்' நூலின் 11ஆம் பாகத்தில் கோக்கசு மலைக்காரரைப் பற்றி ஒரு சின்ன இடம் வருகிறது. கோடையில் மலை ஏறும்போது அவர்கள் பதனிடாத மாட்டுத்தோலால் அகலமான காலணி செய்து, அதில் முள் வைத்துக் கட்டிக்கொள்வார்களாம். அந்தக் காலணிக்கு அவர் சொல்லும் உவமை பறை. இறங்கும்போது சுமையோடு தோலில் குந்திச் சறுக்கி வருவார்களாம். ஆர்மீனியப் பக்கத்திலும் இதே பழக்கம், ஆனால் அங்கே முள் வைத்த மரத்தட்டுகளைச் சப்பாத்தின் அடியில் கட்டுவதும் உண்டு என்கிறார்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்குக் கனடாவில் கடைக்குப் போனால் விற்பனைப் பையன் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: முள் உள்ளேயே பதித்த சப்பாத்து வேண்டுமா, தனியாக மாட்டுவது வேண்டுமா? கோக்கசுக்காரர் முதலாம் கட்சி, ஆர்மீனியர் இரண்டாம் கட்சி. பறை மாதிரி அகன்ற சப்பாத்து என்பதையும் கவனிக்கவேண்டும். பெரிய பனிச் சப்பாத்தும் முள்ளும் எழுத்தில் ஏறியபோதே ஒன்றாகத்தான் ஏறியிருக்கின்றன. மரத்தட்டை எதால் கட்டினார்கள், மூக்கிலா குதியிலா முடிச்சு, கழன்றால் என்ன செய்தார்கள்? ஸ்ட்ராபோ அதைப்பற்றி மூச்சும் விடவில்லை. எழுதுகிறவர்கள் எப்போதும் முள்ளைத்தான் பார்க்கிறார்கள். விழுந்தவனுக்குத்தான் வாரின் அருமை தெரியும்.

அடுத்ததாக என்னைக் கவர்ந்தவர் சூரிச் நகரத்து யோசியாஸ் சிம்லர். 1574இல் அல்ப்ஸ் மலைகளைப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். பனிமலையில் போகிறவனுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பகுதி. பனிவெடிப்புகளுக்கு மேலால் போகும்போது ஆளோடு ஆளாகக் கயிறு கட்டுவது, கண் கூசாமல் இருக்கக் கறுப்பாக எதையாவது போட்டுக்கொள்வது, கூர்முனைத் தடி, பிறகு காலுக்கு மூன்று முள் வைத்த, லாடம் போன்ற இரும்பு. எல்லாம் சரியாகச் சொல்கிறார். மனிதருக்கோ கடும் வாதநோய். தானே ஏறிப் பார்த்து எழுதியவர் அல்ல. ஏறியவர்களைக் கேட்டு எழுதியவர். மாவுக்கட்டோடு படுத்திருந்த எனக்கு அவரில் ஒரு தனிப் பாசம் வந்ததில் ஆச்சரியமில்லை.

லாடம் என்ற உவமை தற்செயலானதல்ல. நான் முதன்முதல் சரியான கிளீற் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மனைவியும் அதைத்தான் சொன்னாள். "இதென்ன, வண்டில் மாட்டுக்கோ?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் மாட்டைச் சாய்த்துக் கட்டிப் போட்டுவிட்டு லாடம் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். வடக்கே ஐரோப்பாவில் மனிதனுக்கும் குதிரைக்கும் ஒரே கொல்லன்தான், ஒரே சரக்குத்தான். சுவீடனில் மெலாரன் ஏரியில் பிர்கா என்று ஒரு தீவு. வைக்கிங்குகளின் வணிகப்பட்டினம், 8ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டுவரை. அங்குள்ள புதைகுழிகளில் இரும்புப் பனிமுட்கள் கிடைத்திருக்கின்றன. ஆளுடையதும் உண்டு, குதிரையுடையதும் உண்டு. மாரியில் அங்கே யாத்திரை நின்றுபோவதில்லை. மாறாக அப்போதுதான் வசதி. ஏரி உறைந்தால் அது ஒரு நெடுஞ்சாலை. சறுக்குவண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு எங்கேயும் போகலாம். முள் இல்லாத குதிரை அந்தச் சாலையில் நாலடி போகாது. சுவீடியர்கள் அதற்கு 'ப்ரோடார்' என்று சொல்கிறார்கள். இன்றைக்கும் அதே சொல். பல சுவீடிய நகரசபைகள் வயதானவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுக்கின்றன. எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்ப்பதைவிட அது மலிவு என்று கணக்குத் தெரிந்தவர்கள்.

குதிரைக்கு வார் பிரச்சினை இல்லை. அதன் குளம்பிலே ஆணியை அறைந்துவிடலாம். மனிதனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

வட அமெரிக்காவில் 18ஆம் நூற்றாண்டுக் கோட்டைகளைத் தோண்டும்போது ஒரு சின்ன இரும்புத் துண்டு அடிக்கடி அகப்படுகிறது. உள்ளங்கை அகலம், நாலு மூலையிலும் கீழ்நோக்கி வளைத்த கூர், பக்கத்தில் வார் நுழைக்கக் காது. ஆங்கிலத்தில் அதை 'கிறீப்பர்' என்பார்கள். ஊர்வது என்று பொருள். ஏரிகளும் ஆறுகளும் உறைந்த பிறகு அவற்றின்மீது நடந்துபோய்ச் சண்டை பிடித்த காலம் அது. இந்த இரும்பு முன்பாதத்திலோ குதியிலோ அல்ல, இரண்டுக்கும் நடுவில், வளைவில் இருக்கும். ஏன் அங்கே என்று நான் நெடுநாள் யோசித்தேன். பிறகு என் பெரிய சப்பாத்தை எடுத்து வைத்துப் பார்த்தபோது விளங்கியது. எந்தச் சப்பாத்திலும் ஆக ஒடுங்கிய இடம் அந்த வளைவுதான். அங்கே கட்டினால் முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் போகாது. முன்னால் பாதம் தடுக்கும், பின்னால் குதி தடுக்கும். பிடி குறைவு, ஆனால் கழலாது. அந்தக் கொல்லன் முள்ளை வாருக்குப் பலி கொடுத்திருக்கிறான். கெட்டிக்காரன்.

அதே இரும்பைக் காலில் கட்டிக்கொண்டு நின்றவர்கள் வெட்டிய பனிக்கட்டிதான் சென்னையில் வந்து இறங்கியது. பொஸ்ரன் வணிகர் பிரெடரிக் ரியூடர் மாசச்சூசெற்ஸ் குளங்களின் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி வெப்பநாடுகளுக்கு விற்றவர். 1833இல் 'ரஸ்கனி' என்ற கப்பல் 180 தொன்னோடு புறப்பட்டு நாலு மாதம் ஓடிக் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 தொன் மிஞ்சியிருந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் அதற்கென்று கட்டிய வட்டமான களஞ்சியம்தான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் வந்து தங்கியதும், இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக நிற்பதும் அதுதான். அங்கே குளிர்ந்த தண்ணீர் குடித்த துரைமாரின் கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டியை வெட்டியவர்களின் காலைப் பார்த்து யாரும் எழுதவில்லை. நதானியேல் வையெத் என்பவர் குதிரை இழுக்கும் பனிக்கலப்பை ஒன்றைச் செய்துகொடுத்ததும் வேலை துரிதப்பட்டது. குளத்தின்மேல் சோடி சோடியாகக் குதிரைகள், குளம்பில் கூர்லாடம். கழுத்தில் சுருக்குக் கயிறு ஒன்றும் கிடக்கும். பனி உடைந்து குதிரை உள்ளே விழுந்தால் அந்தச் சுருக்கை இறுக்குவார்கள். மூச்சு அடைபட்ட குதிரை காற்றை உள்ளே பிடித்துக்கொண்டு மிதக்கும், இழுத்து எடுத்துவிடலாம். வாசித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

ரொறன்ரோவும் இதே பாட்டுத்தான். குளிர்பெட்டி வருவதற்கு முன் நகரத்துக்கு வேண்டிய பனிக்கட்டி வடக்கே சிம்கோ ஏரியில், பெல் ஈவாட் போன்ற கரைகளிலிருந்து, ரயிலில் வந்தது. இன்று அதே ஏரியில் எங்கள் பெடியள் மாசி மாதத்தில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறார்கள். காலில் முள் மாட்டிக்கொண்டுதான்.

இனி ஒஸ்கார் எக்கன்ஸ்ரைன். இவரிடம் கொஞ்சம் அதிக நேரம் நிற்கவேண்டும், ஏனென்றால் வாரைப் பற்றி உருப்படியாக யோசித்த முதலாவது ஆள் இவர். 1859இல் லண்டனில் பிறந்தவர். பொறியியலாளர். தாடி வைத்த, யாரோடும் இலகுவில் ஒத்துப்போகாத மனிதர். 1902இல் கே2 மலைக்குப் போன முதல் பெரிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவர் காலத்தில் பிரித்தானிய மலையேறிகளுக்கு முள் என்றாலே இளக்காரம். பனிச்சுவரில் கோடரியால் படி வெட்டி ஏறுவதுதான் அவர்களுக்குக் கலை. முள் கட்டுவது ஏமாற்று வேலை. வழிகாட்டிகளுக்கும் அது பிடிக்கவில்லை. படி வெட்டுவதற்குத்தானே அவர்களுக்குக் கூலி! கிழக்கு அல்ப்ஸில், திரோல் பக்கத்தில், வேட்டைக்காரரும் செங்குத்துச் சரிவில் புல் வெட்டுகிறவர்களும் நாலு முள், ஆறு முள் இரும்பைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஏழையின் கருவி என்பதால் கனவான்களின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

எக்கன்ஸ்ரைன் அதை ஒரு பொறியியல் கணக்காகப் பார்த்தார். 1908இல் ஒஸ்திரியாவின் மலையேற்ற இதழில் எழுதத் தொடங்கினார். பத்து முள். சப்பாத்தின் விளிம்பை ஒட்டியே முட்கள் இறங்கவேண்டும். உள்ளே தள்ளி இருந்தால் சரிவில் கால் புரளும். நடுவில் ஒரு கீல். நடக்கும்போது பாதம் மடிகிற இடத்தில் இரும்பும் மடியவேண்டும். ஆக முக்கியமானது பொருத்தம்: இரும்புச் சட்டம் சப்பாத்தைக் கையுறைபோலப் பிடிக்கவேண்டும், வார் வெறும் காவலுக்குத்தான். சட்டம் தளர்ந்திருக்க வாரை இறுக்கிச் சரிக்கட்டலாம் என்று நினைக்கிறவனுக்கு அவரிடம் இடமில்லை. இத்தாலியில், மொன் பிளாங்க் அடிவாரத்தில் கூர்மயூர் என்ற ஊர். அங்கே 1818 முதல் இரும்படித்த குடும்பம் கிரிவெல். என்றி கிரிவெல் என்ற கொல்லனிடம் எக்கன்ஸ்ரைன் தன் வரைபடத்தைக் கொண்டுபோனார். அவர் அதை அடித்துக் கொடுத்தார், பிறகு கடையிலும் வைத்து விற்றார். 1929இல் அந்தக் குடும்பத்து லோரன் கிரிவெல் முன்னுக்கு இரண்டு முள்ளை நீட்டிவிட்டார். பத்து பன்னிரண்டானது. மூக்கால் குத்தியே சுவரில் ஏறலாம் என்றாகிவிட்டது.

ஒன்பது வருடம் கழித்து அதன் விளைவை உலகம் கண்டது. 1938 ஆடி, ஐகர் மலையின் வடக்குமுகம். நாலு பேர். ஹெக்மையரும் ஃபொர்க்கும் புதிய பன்னிரண்டு முள்ளோடு வந்தார்கள். கஸ்பாரெக்கிடம் பழைய பத்து முள். ஹைன்ரிக் ஹாரரிடம் ஒன்றுமே இல்லை, ஆணி அடித்த சப்பாத்து மட்டும். முன்னே போன ஹாரரும் கஸ்பாரெக்கும் பனிவயலில் படி வெட்டி வெட்டி மணிக்கணக்காகச் செலவழித்த இடத்தை மற்ற இருவரும் விரைவாக ஏறி வந்து பிடித்துவிட்டார்கள். படி வெட்டும் கலைக்கு அன்றைக்கே கருமாதி முடிந்தது.

ஆணி அடித்த சப்பாத்து என்று சொன்னேன். அதற்கும் ஒரு வில்லங்கம் உண்டு. இரும்பு வெப்பத்தைக் கடத்தும். அடியில் அறைந்த ஒவ்வொரு ஆணியும் காலின் சூட்டை மலைக்குத் தானம் செய்கிற வாய்க்கால். 1935இல் இத்தாலியில் புந்தா ரசிக்கா மலையில் ஆறு பேர் புயலில் அகப்பட்டு இறந்தார்கள். காலில் இருந்தவை குளிருக்குத் தோதானவை அல்ல. அந்த நண்பர்களை இழந்த மிலான்காரர் வித்தாலே பிரமானி, ஆணியை விட்டுவிட்டு, பள்ளம் மேடாக வார்த்த றப்பர் அடியைச் செய்து 1937இல் உரிமம் எடுத்தார். விப்ரம் என்பது அவர் பெயரைச் சுருக்கியது. கல்லில் அருமை, சூடும் போகாது. பனிக்கட்டியில் மட்டும் ஒன்றுக்கும் உதவாது. ஆகவே சப்பாத்தை விட்டுப் பிரிந்துபோன முள்ளைத் திரும்பவும் வெளியிலிருந்து கட்டவேண்டியதாயிற்று. இன்றைக்கு நாங்கள் மாட்டும் அத்தனையும் அந்த விவாகரத்தின் பிள்ளைகள்.

பெரிய சப்பாத்தின் உச்சம் 1953. எவரெஸ்டுக்குப் போன பிரித்தானியக் குழுவுக்கு கெற்றறிங் நகரத்துச் சப்பாத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று உயரத்துக்கென்றே தனிச் சப்பாத்து வடிவமைத்துக் கொடுத்தது. வெளியே மெல்லிய ஆட்டுத்தோல், உள்ளே நீர் புகாத உறை, இரண்டுக்கும் நடுவில் ஓரங்குலம் அளவுக்குப் பஞ்சு. என்ன பஞ்சு தெரியுமா? இலவம் பஞ்சு. எங்கள் அம்மா தலையணைக்கு அடைத்த அதே சரக்கு. கிளி காத்து ஏமாந்த இலவம் எவரெஸ்ட் உச்சிவரை போயிருக்கிறது என்று மனைவிக்குச் சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவள் என்னை விசரன் என்று சொல்லவில்லை.

அந்தப் பஞ்சில்தான் வாரின் முழுச் சிக்கலும் இருக்கிறது. பஞ்சு சூடு தருவது அதனுள் நிற்கும் காற்றினால். தலையணையை நசித்தால் காற்றுப் போய்விடும். பருத்த மெதுச் சப்பாத்தில் முள்ளைக் கட்டி வாரை இறுக்கினால் இரண்டு கேடு ஒரே நேரத்தில் வரும்: பஞ்சு நசிந்து சூடு போகும், இரத்தமும் விரலுக்குப் போகாமல் தடைப்படும். இறுக்காவிட்டால் முள் கழலும். 1920களில் எவரெஸ்டுக்குப் போனவர்கள் உயரத்தில் முள் கட்டத் தயங்கியதற்கு இந்தப் பயமும் காரணம்; வாரால் விரல் போய்விடும் என்று. அவர்களில் ஒருவரான மலோரியின் உடலை 1999இல் கண்டெடுத்தபோது காலில் இருந்தது ஆணிச் சப்பாத்துத்தான்.

1953 வைகாசி 29 விடியற்காலை, 27,900 அடி உயரத்தில் ஒரு கூடாரம். ஹிலரி இரவில் சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தார். காலையில் அது கல். பிரைமஸ் அடுப்பைப் பற்றவைத்து, தோல் கருகும் மணம் வர வர, இரண்டு மணி நேரம் வாட்டி எடுத்துத்தான் காலை உள்ளே விட முடிந்தது. டென்சிங் கழற்றவேயில்லை. அவர் போட்டிருந்தது முந்தின வருடம் சுவிஸ்காரரோடு போனபோது கிடைத்த கலைமான்தோல் சப்பாத்து. இருவரும் அதற்குமேலே முள்ளை மாட்டிக்கொண்டு ஆறரை மணிக்குப் புறப்பட்டார்கள். உலகத்தின் உச்சிக்குப் போகிற நாளிலும் முதல் வேலை சப்பாத்தோடு மல்லுக்கட்டுவதுதான். பதினொன்றரைக்கு மேலே நின்றார்கள்.

கொரியப் போரில் சோசின் நீர்த்தேக்கத்துக் குளிரில் கால்களை இழந்த பிறகு அமெரிக்க இராணுவம் கொடுத்தது இன்னொரு பூதம்: இரண்டு றப்பர் தோலுக்கு நடுவே கம்பளியை அடைத்து ஒட்டிவிட்ட சப்பாத்து. மூக்கு உருண்டு இருந்ததால் மிக்கி மவுஸ் என்றே பெயர். அலாஸ்காவில் தெனாலி மலைக்கு ஏறியவர்கள் அதை விரும்பி வாங்கி, சட்டத்தை நீட்டி, நீண்ட வார் போட்டு முள் கட்டினார்கள். பிறகு பிளாஸ்ரிக் சப்பாத்து வந்தது. முன்னும் பின்னும் விளிம்பு வைத்து, முள்ளை நெம்புகோலால் 'கிளிக்' என்று பூட்டலாம். மலையேறிகளின் வழக்கு ஒருவழியாகத் தீர்ந்தது. உப்பு வாளிக்காரனின் வழக்குத் தீரவில்லை. எங்களுக்குக் கிடைத்தது இழுபடும் றப்பர்.

றப்பரைக் கண்டுபிடித்தவன் வாரே வேண்டாம் என்று நினைத்திருப்பான். இழுத்து மாட்டினால் தானே சுருங்கிப் பிடிக்கும். சரிதான், வீட்டுக்குள்ளே. வெளியே கழித்தல் இருபதில் அது விறைத்துவிடும். ஏற்கெனவே கடைசி எல்லைவரை இழுபட்டிருந்தால் இன்னும் ஒரு அரை அங்குலம் தர அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. பாதம் மடிகிறபோது அந்த அரை அங்குலம் வேண்டும். என் குப்பை அறைச் சரிவில் நடந்தது இவ்வளவுதான்.

எங்கள் நகரத்திலேயே ஒரு நல்ல காரியம் நடந்தது. ரொறன்ரோ மறுவாழ்வு நிறுவனத்தில் நிலத்துக்குக் கீழே ஒரு பனி அறை இருக்கிறது. தரை உண்மையான பனிக்கட்டி. ஆட்களை மேலே பட்டியில் மாட்டி, சப்பாத்தைப் போட்டு ஏறி இறங்கச் சொல்லி, அறையையே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறார்கள், கால் வழுக்கும்வரை. 2016இல் 98 வகைப் பனிச் சப்பாத்தின் முடிவை வெளியிட்டார்கள். 7 பாகைச் சரிவைத் தாண்டியது நூற்றுக்கு எட்டு வீதம்தான். 7 பாகை என்பது நடைபாதை தெருவில் இறங்கும் சரிவு. தொண்ணூற்றிரண்டு வீதம் அதிலே தோற்றுவிட்டது. கடுங்குளிர்நாளில் பனிக்கட்டி உலர்ந்து கொஞ்சமாவது பிடிக்கும். பூச்சியத்தை அண்டி, மேலே தண்ணீர் பூத்து நிற்கும்போதுதான் ஆபத்து. அந்த நாளில்தான் எங்கள் ஆட்கள் "இண்டைக்குக் குளிர் குறைவு" என்று வெறும் சப்பாத்தோடு கோயிலுக்குப் போவார்கள்.

இப்போது நான் கிளீற் வாங்கும் விதம் வேறு. சப்பாத்தைக் காலிலே போட்டு, பழுப்புக் கடதாசியில் நின்று, அடியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுவேன். அந்தக் கடதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போவேன். அட்டையில் உள்ள நம்பரைப் பார்ப்பதே இல்லை. அது மெல்லிய ஓட்டச் சப்பாத்துக்குப் போட்ட நம்பர். றப்பரை இழுக்காமல் கடதாசியில் வைத்தால் கோட்டில் முக்கால்வாசிக்காவது வரவேண்டும். மூக்கில் தடித்த மடிப்பு இருக்கவேண்டும், ஏறி வழுகாமல். முட்கள் விளிம்பை ஒட்டி நிற்கவேண்டும், எக்கன்ஸ்ரைன் சொன்னபடி. சுருள்கம்பி வகையறா புதுப்பனிக்குச் சரி, கண்ணாடிப் பனிக்கு எனக்கு நம்பிக்கையில்லை. மாட்டிய பிறகு கடைக்குள்ளேயே குந்தி எழும்பிப் பார்ப்பேன். ஆட்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அப்படியும் என் அளவுக்குக் கடைசியாகக் கிடைத்தது முழுப் பொருத்தம் இல்லை. டண்டாஸ் பக்கத்தில் வயதான போர்த்துக்கேயர் ஒருவர் சப்பாத்துத் தைக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். பேச்சில் நான் 'சப்பாத்து' என்ற சொல்லை விட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "சப்பாத்து?" என்றார். அது அவர் சொல்தான். நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முன் அவருடைய ஆட்கள் எங்கள் கரையில் விட்டுவிட்டுப் போனது. சிரித்துக்கொண்டே என் கிளீற்றை வாங்கி, அங்குல அகலத்தில் ஒரு நைலோன் வாரை, பாதத்தின் வளைவுக்கு மேலால் வருகிறமாதிரிக் குறுக்கே தைத்துக் கொக்கி வைத்துத் தந்தார். ஆக ஒடுங்கிய இடத்தில். அந்தப் பழைய கோட்டைக் கொல்லன் கட்டிய அதே இடத்தில். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகத்தான் அங்கே வைத்தார். பதினைந்து டொலர் எடுத்தார்.

போன மாசியில் ஒருநாள் உறைமழை. வேலையை விட்டு மூன்று வருடமானாலும் எங்கள் வீட்டுப் படிக்கு உப்புப் போடவேண்டியவன் நான்தான். வாரைப் பூட்டி, இறங்கி, வாசல், சரிவு, தபால்பெட்டிவரை போட்டு, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் படிக்கும் ஒரு கை விசிறிவிட்டு, முட்கள் நறுக்கு நறுக்கு என்று கடிக்கத் திரும்பி வந்தேன். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைக்கவில்லை, குசினிக்குள் இருந்து சத்தம்.

"இஞ்சருங்கோ, அந்த லாடத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ. போன மாசம்தான் புது மாபிள் போட்டது."

முள்ளோடு மாபிளில் கால் வைத்தால் வழுக்கும் என்பதை அவளுக்குச் சொல்லாமல், படியிலே குந்தி, விறைத்த விரலால் கொக்கியைத் தேடினேன்.